கல்லு வச்ச ஒழுங்கையும் நான் காட்டின கையும்

ஒரு றோட்டு வருசத்தில எத்தினை மாசம் றோட்டா இருக்கும்?

சிரிக்காமப் பதிலைச் சொல்லுங்கோ. பன்னிரண்டு எண்டுதானே வாயில வருகுது? என்ர வாயிலயும் அதுதான் வந்தது. அந்தப் பன்னிரண்டை நம்பினதால நெடுந்தீவில ஒரு ஒழுங்கைக்குள்ள, ஒரு சின்னச் சந்துக்குள்ள, இருக்கிற எட்டு வீட்டுக்கு ரெண்டு மாசமாத் தண்ணி பவுசர் போகேல்லை. பிழை மெசினில இல்லை, சற்றலைற்றில இல்லை. என்னில.

நான் ஆரெண்டு முதல் சொல்லிப்போடுறன். சுருவில்காரி, யாழ்ப்பாணத் தீவுப்பக்கத்தில ஒரு ஊர். கம்பஸில புவியியல் படிச்சு முடிச்ச கையோட இந்த டிஜிற்றல் மேப் வேலைக்கு வந்தனான். நாலு வருசம் தீவுப்பக்கம் முழுக்க மோட்டச்சைக்கிளிலயும் போட்டிலயும் திரிஞ்சு முகம் கருவாடாப் போச்சு. நாளையில இருந்து பஸ் நேரசூசிப் பக்கம் மாறிப் போறன், ஃபான் காத்துக்குக் கீழ இருக்கிற வேலை. "இருபத்தேழு வயசில பென்சனோ?" எண்டு ஒபிசில பம்பல் அடிக்கினம். அடிக்கட்டும். என்ர இடத்துக்கு நீங்கள் நாலு பேர் புதுசா வாறியள். கோடு எப்பிடிக் கீறுறது, எந்தப் பட்டனை அமத்துறது எண்டெல்லாம் ரெயினிங்கில சொல்லித் தருவினம். நான் அதைச் சொல்லி உங்கட ரைமை மினக்கெடுத்த மாட்டன். நான் விட்ட பிழையைச் சொல்லுறன். அது ரெயினிங்கில வராது.

எங்கட வேலை என்ன? நாடு முழுக்க உள்ள றோட்டுகளுக்கு ஒரே மாதிரி நம்பரும் ஒரே மாதிரி விபரமும் குடுக்கிறது. அகலம் எவ்வளவு, தாரோ கிரவலோ, வாகனம் போகுமோ போகாதோ. கண்டியில ஒருத்தன் "வாகனம் போகும்" எண்டு எழுதினா அதுக்கு என்ன அர்த்தமோ, அதே அர்த்தம்தான் அனலைதீவில நாங்கள் எழுதினாலும் இருக்கவேணும். பேந்து பஸ்காரர், அம்புலன்ஸ்காரர், பவுசர்காரர், பார்சல் குடுக்கிற பெடியள் எல்லாரும் அதைத்தான் பாப்பினம். பாத்திட்டு நேர போவினம். "இது உண்மையோ?" எண்டு ஒருத்தரும் எங்களிட்டத் திரும்பி வந்து கேக்க மாட்டினம். அதுதான் இந்த வேலையின்ர சுகமும், பயமும்.

ஒரு சின்னக் கதை. நான் வந்த முதல் வருசம், எங்கட ஆள் ஒருத்தர் குறிகட்டுவானில இருந்து நயினாதீவுக்குப் போற போட் பாதையை சாதாரண றோட்டு எண்டு பதிஞ்சிட்டார். ஒரு வான் நிறையச் சனம் கோயிலுக்கு வந்தவை. ஃபோனில குரல் "நேராகச் செல்லவும்" எண்டு சொல்லுது. வான் ட்ரைவர் ஜெட்டி நுனியில நிப்பாட்டிப்போட்டு, டிக்கெட் குடுக்கிறவரிட்ட, "அண்ணை, இது நேர போகச் சொல்லுது, போகவோ?" எண்டு கேட்டிருக்கிறார். அதுக்கு இவர், "போங்கோ, ஆனா கண்ணாடியை ஏத்திப்போட்டுப் போங்கோ" எண்டிருக்கிறார். ஒரு கிழமை முழுக்க ஒபிசில அதுதான் கதை.

ஆனா அது நல்ல பிழை. கடல் எல்லாருக்கும் தெரியும், ஒருத்தரும் கடலுக்குள்ள விடமாட்டினம். இல்லாத றோட்டைக் கீறினா ரெண்டு நாளில ஆரோ ஒருத்தர் வந்து ஏசுவினம், சரியாக்கிப்போடலாம். இருக்கிற றோட்டை இல்லை எண்டு எழுதினா? ஏசுறதுக்கு அந்தப் பக்கம் ஒருத்தரும் போக மாட்டினமே. நான் விட்டது இந்த ரெண்டாவது சாதி.

அது ஒரு மார்கழி. நெடுந்தீவு முழுக்க அளக்கவேணும், ரெண்டு கிழமைதான் ரைம். என்னோட வந்தவன் நிரோஷன், வவுனியாப் பெடியன், என்ர வயசுதான், வேலைக்கு வந்து மூண்டு மாசம். போட்டில ஏறினாச் சத்தி எடுப்பான். கல்வேலியைக் கண்டா ஃபோட்டோ எடுப்பான். நெடுந்தீவில கிடுகு வேலி இல்லை, கடல்கல்லை ஒண்டுக்கு மேல ஒண்டா அடுக்கி நெஞ்சளவுக்கு வேலி கட்டியிருப்பினம். அதுக்கு முன்னால நிண்டு செல்ஃபி எடுக்கிறவனை வச்சு நான் என்ன செய்யிறது? "இஞ்சத்தைக் காட்டுக்குதிரை பாக்க வந்தனியோ, வேலைக்கு வந்தனியோ?" எண்டு நாள் முழுக்க நக்கல்தான்.

தீவின்ர மத்தியில ஒரு ஒழுங்கை வாயில ரெண்டு பேரும் நிண்டம். வாய் முழுக்கக் கல்லு அடுக்கி மூடிக் கிடக்கு. உள்ளுக்க ரெண்டு பக்கமும் கல்வேலி, நடுவில புல்லு. பக்கத்துக் காணியெல்லாம் நெல்லு முழங்காலளவுக்கு நிக்குது.

நிரோஷன் சொன்னான், "இது சும்மா விழுந்த கல்லு இல்லை. ஆரோ அடுக்கி வச்சது. ஆரிட்டயும் ஒருக்காக் கேட்டுப் பாப்பமே?"

நான் சொன்ன பதிலை அப்பிடியே எழுதுறன், வெக்கமாத்தான் இருக்கு. "டேய், நான் தீவாள். எனக்குப் படிப்பிக்காத."

ஏனெண்டா எங்கட சுருவிலில ஒரு ஒழுங்கை வாயில கல்லோ முள்ளோ கிடந்தா அதுக்கு ஒரே அர்த்தம்தான். வளவுக்காரர் கனடாவில. காணியைப் பாக்க ஆள் இல்லை. உள்ளுக்குப் பாம்புதான் போய்வரும். சின்னனில இருந்து பாத்து வளந்தது. எனக்கு அதில சந்தேகமே வரேல்லை. தூரத்தில ஒரு ஐயா வேலிக்கு மேலால கையைக் காட்டினவர். "பாத்தியோ, எங்கட தீவுச் சனம் எவ்வளவு நல்லம்" எண்டு சொல்லிக்கொண்டு நானும் வடிவாக் கையைக் காட்டினன். பேந்து பதிவில "மூடியது, தனியார், வழி இல்லை" எண்டு ஒரு தட்டுத் தட்டிப்போட்டு அடுத்த ஒழுங்கைக்குப் போனம். மொத்தமா ஒரு நிமிசம்கூட இல்லை.

அது பேந்து எட்டு மாசம் எனக்கு ஞாபகத்திலயே இல்லை.

ஆவணி. வெயில் எண்டா வெயில். பனங்காய் விழுந்து றோட்டெல்லாம் மணக்குது. தண்ணி குடுக்கிற பகுதிக்காரர் எங்கட மேப்பை எடுத்துப் பவுசருக்குப் பாதை போட்டு ரெண்டு மாசம் ஆகுது. அது எப்பிடி ஓடுது எண்டு பாத்து எழுதச் சொல்லி என்னை அனுப்பினவை. நான் சந்தோசமாப் போனன். ஏனெண்டா அடுத்த மாசம் என்ர வேலை நிரந்தரமாக்கிறதுக்கு ஃபைல் மேல போகவேணும். "எங்கட மேப் சோக்கா ஓடுது" எண்டு ஒரு றிப்போர்ட் எழுதினா வேலை முடிஞ்சுது. பாதிப் பந்தியைப் போட்டிலயே ஃபோனில தட்டி வச்சிட்டன்.

பவுசர் எண்டது ஒரு ரக்ரர், பின்னால தண்ணி ராங்கி. ஓட்டுறவர் சிவா அண்ணை, கிளிநொச்சி ஆள், இஞ்ச மாத்தலாகி வந்து ரெண்டு மாசம்தான். ஸ்ரியறிங்குக்குப் பக்கத்தில பெரிய ஃபோன் மாதிரி ஒரு ரப் கட்டியிருக்கு, அதில போகவேண்டிய பாதை நீலக் கோடா. கோட்டை விட்டு வெளியில போனா அது மேல ஒபிசுக்குப் போயிடும், அவர் விளக்கம் எழுதவேணும். ஏற்கெனவே ரெண்டு தரம் எழுதிப்போட்டார். மூண்டாவது எழுதினா ஆளை மாத்திப்போடுவினம் எண்டு சொல்லியிருக்கினம்.

நான் மட்காட்டில குந்தியிருந்து காத்து வாங்கிக்கொண்டு போறன். கடைசி லோட். இன்னும் ஒரு இடத்தில இறக்கினா முடிஞ்சுது. ஒரு சந்தியில நடு றோட்டில ஒரு அக்கா நிக்கிறா. ரெண்டு பக்கமும் நாலு நாலு வெறும் தண்ணிக் கான், நடுவில அவா. கையை இடுப்பில வச்சுக்கொண்டு நிண்ட நிலையைப் பாத்தா ரக்ரர் ஏறினாலும் அசையமாட்டா போல.

சிவா அண்ணை பிரேக் போட்டிட்டு என்னைப் பாத்தார். "மரியக்கா. நாளாந்தம் இதுதான்."

"நாளாந்தமில்லை தம்பி, இண்டைக்கு வேற" எண்டா மரியக்கா. "நாளைக்குச் சேர்ச்சில என்ர மோனுக்குப் புதுநன்மை. அறுபது பேருக்குச் சாப்பாடு. சொந்தமெல்லாம் காலமை போட்டில வந்து இறங்கிட்டுதுகள். எங்கட கிணறு உவராப் போய் எத்தினை நாள்? எட்டுக் கானில நான் அறுபது பேருக்குச் சோறு காய்ச்சுறதோ, கை கழுவ விடுறதோ?"

"அக்கா, நான் என்ன செய்யிறது? உங்கட ஒழுங்கை இதில இல்லை. இஞ்ச பாருங்கோ" எண்டு ரப்பைத் திருப்பிக் காட்டினார்.

"அதில இல்லாட்டி? நான் அதுக்குள்ளயோ குடியிருக்கிறன்?"

"மெயின் றோட்டில உங்கட மச்சாள் வீட்டில இறக்கிறனே. அங்க வச்சுச் சமைக்கலாம்தானே."

பிழையான கதை. மரியக்காவின்ர முகம் போன போக்கைப் பாக்கவேணும். "மச்சாள்ர வீட்டு முத்தத்தில என்ர பிள்ளையின்ர சாப்பாடோ? அவா ஒரு வருசமா அதுக்குத்தான் பாத்துக்கொண்டிருக்கிறா. செத்தாலும் நடக்காது."

நான் மட்காட்டில இருந்து இறங்கினன். இன்னும் பெரிய மனிசி மாதிரித்தான் நினைப்பு. "அக்கா, உங்கட ஒழுங்கை எது?" எண்டு கேட்டன். கையைக் காட்டினா. பாத்தன்.

ரெண்டு பக்கமும் கல்வேலி. நடுவில காஞ்ச புல்லு. வாயில ஒரு கல்லும் இல்லை. சைக்கிள் போன தடம், மாடு போன தடம், ஆரோ ஒருத்தர் மோட்டச்சைக்கிளில இப்பத்தான் வெளிக்கிட்டு வாறார். மார்கழியில நான் நிண்ட அதே இடம்.

திரும்பி மரியக்காவைக் கேட்டன், "இது... மூடிக் கிடந்ததெல்லே?"

"எப்ப?"

"மார்கழியில."

மரியக்கா என்னை விசரியைப் பாத்த மாதிரிப் பாத்தா. "மார்கழியில மூடாமல்? விதைச்ச காலத்தில திறந்து விட்டா ஊர் மாடெல்லாம் நெல்லுக்குள்ள நிக்கும். விதைச்ச உடன கல்லு வைப்பம், வெட்டின உடன கல்லு எடுப்பம். நெல்லு நிக்கிற வரைக்கும் வேலியைச் சுத்தி நடந்து போவம். மழைக்காலத்தில பவுசர் எங்களுக்கு என்னத்துக்கு?"

விளங்குதே? எனக்கு நிண்ட இடத்திலயே விளங்கிச்சு. வருசத்தில நாலு மாசம் அது வேலி, எட்டு மாசம் அது றோட்டு. தண்ணி தேவைப்படுற எட்டு மாசமும் றோட்டு. நான் வந்து பாத்தது அந்த நாலு மாசத்தில. வவுனியாப் பெடியனுக்குச் சந்தேகம் வந்தது, ஏனெண்டா அவனுக்கு ஒண்டும் தெரியாது. எனக்கு வரேல்லை, ஏனெண்டா எனக்கு சுருவில் தெரியும். என்ர தீவைக் காவிக்கொண்டு போய் இன்னொரு தீவுக்கு மேல வச்சுப் பாத்திருக்கிறன். இதை நல்லா மனசில வச்சிருங்கோ, உங்களில ரெண்டு பேர் வேலணை, ஒராள் அல்லைப்பிட்டி எண்டு கேள்வி. உங்களுக்குத்தான் இது கனக்க நடக்கும்.

அப்ப மனசுக்குள்ள ரெண்டு யோசினை ஓடினது, ரெண்டும் களவு யோசினை. முதலாவது, ஒண்டும் தெரியாத மாதிரி "மேல சொல்லுறன் அக்கா" எண்டிட்டு அடுத்த போட்டில ஓடுறது. ரெண்டாவது, ஃபோன் அடிச்சு அந்தப் பதிவை இப்பவே "திறந்தது" எண்டு மாத்தச் சொல்லுறது. ஒருத்தருக்கும் தெரியாது. றிப்போர்ட்டும் வடிவா இருக்கும்.

ரெண்டாவதைச் செய்யத்தான் ஃபோனை எடுத்தன்.

எங்கட பதிவுகளைச் சரி பாக்கிற அக்கா ஒராள் யாழ்ப்பாணத்தில இருக்கிறா. பேர் சொல்லமாட்டன், சொன்னா ஏசுவா. என்னிலும் பாக்க அஞ்சு வயசு கூட. வாயில எப்பவும் புழுக்கொடியல், அவிச்சுக் காயவிட்ட பனங்கிழங்கு. ஃபோனில கதைச்சா முதல்ல கடிக்கிற சத்தம், பேந்துதான் குரல்.

"அக்கா, ஒரு சின்ன விசயம். ஒரு ஒழுங்கையை மூடியதில இருந்து திறந்ததுக்கு மாத்திவிடுங்கோ. நம்பர் அனுப்புறன்."

கடக். "ஏன்?"

"திறந்து கிடக்கு."

"மார்கழியில நீதானே மூடியது எண்டு போட்டனீ. எது பொய்?"

"ரெண்டும் உண்மை அக்கா" எண்டு முழுக்கதையும் சொன்னன். வேகமாச் சொன்னன், ஏனெண்டா சிவா அண்ணை மணிக்கூட்டைப் பாக்கிறார். மரியக்கா என்னைப் பாக்கிறா.

கடிக்கிற சத்தம் நிண்டுது. "அப்ப நான் இண்டைக்குத் திறந்தது எண்டு போடுறன். கார்த்திகையில ஒரு அம்புலன்ஸ் அந்தக் கோட்டைப் பாத்து வந்து கல்லில நிக்கும். அப்ப நீ எங்க நிப்பாய்?"

நான் ஒழுங்கைப் பக்கம் திரும்பிப் பாத்தன்.

"முதல்ல நடந்து போ. அகலம் அள. ரக்ரர் போகுமோ எண்டு உன்ர கண்ணால பார். எப்ப கல்லு வைப்பினம், எப்ப எடுப்பினம், ஆர் வைக்கிறது எண்டு கேள். பேந்து எனக்கு எடு. நான் மேசையை விட்டு எழும்பமாட்டன்."

"பவுசர் நிக்குது அக்கா. கடைசி லோட். நான் அளந்து நீங்கள் மாத்தி அது ரப்புக்கு வரக்கிடையில பொழுதுபட்டுடும்."

"அது மேப்பின்ர பிரச்சினை இல்லை, உன்ர பிரச்சினை. மேப்பை நான் பாக்கிறன். பவுசரை நீ பார்." வச்சிட்டா.

மனிசி மேல அப்ப வந்த கோவம் இருக்கே. இப்ப யோசிச்சா, நாலு வருசத்தில எனக்கு ஆரும் சொன்னதில உருப்படியான கதை அதுதான். நாங்கள் எப்பவும் மேப்பை மாத்தினா நிலம் மாறிடும் எண்டு நினைக்கிறம். தண்ணி நிக்குது, ஆள் நிக்குது, ஒழுங்கை திறந்து கிடக்கு. மேப் சரியாகும் வரைக்கும் அதெல்லாம் ஏன் காவல் நிக்கவேணும்?

சிவா அண்ணையிட்டப் போனன். "அண்ணை, பிழை என்னில. அந்த ஒழுங்கை றோட்டுத்தான். விடுங்கோ உள்ளுக்கு."

"உமக்கென்ன, சொல்லிப்போட்டு போட்டில ஏறிப் போயிடுவீர். மூண்டாவது கடிதம் நானெல்லோ எழுதவேணும்."

"நான் எழுதித் தாறன்."

"வாயால ஏலாது." சீற்றுக்குக் கீழால ஓட்டப் பதிவுக் கொப்பியை எடுத்து நீட்டினார். "இதில எழுதும். உம்மட பேர், உம்மட நம்பர். பிழை ஆற்ற எண்டும் எழுதும்."

பேனையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டன். அந்தக் கொப்பி மாச முடிவில மேல போகும். என்ர ஃபைலும் அதே மேசைக்குத்தான் போகும். மரியக்கா குனிஞ்சு கானை ஒண்டொண்டா றோட்டுக் கரைக்கு எடுத்து வச்சா, ரக்ரருக்கு வழி விடுற மாதிரி. அதைப் பாத்தாப் பிறகு எழுதாமல் இருக்க ஏலாது. "வரைபடத்தில் பிழை. பதிந்தது நான். பாதை திறந்துள்ளது. என் சொல்லில் வாகனம் உள்ளே செல்கிறது." பேரும் நம்பரும் போட்டன்.

சிவா அண்ணை வாசிச்சார், இன்னொருக்கா வாசிச்சார். "எழுத்து வடிவா இருக்கு" எண்டிட்டு ஸ்ரார்ட் பண்ணினார்.

நான் அளக்கிற ரேப்பைப் பிடிச்சுக்கொண்டு முன்னுக்கு ஓடுறன், ரக்ரர் பின்னால உறுமிக்கொண்டு வருது. பாதித் தூரம் சோக்காப் போச்சுது. வளைவில கல்வேலி வயிறு தள்ளினமாதிரி வெளியில வந்து நிக்குது. அளந்தன். ராங்கிக்கு ஒரு சாண் காணாது.

"ஆரடா என்ர வேலியில கை வைக்கிறது?"

வேலிக்கு மேலால ஒரு தலை. கந்தையா அண்ணை எண்டு மரியக்கா சொன்னா, பத்துப் பதினைஞ்சு மாடு வச்சிருக்கிறவர், அந்தப் பக்கக் காணி அவற்ற. என்னைக் கண்டதும் கண்ணைச் சுருக்கினார்.

"நில்லு பிள்ளை. நீ எல்லோ மார்கழியில இதில வந்து நிண்டு ஃபோனில நோண்டினது?"

"ஓம் அண்ணை."

"நான் உன்னைக் கையைக் காட்டிக் கூப்பிட்டனான். கல்லை எடுத்துப்போடாதேங்கோ, இஞ்சால வாங்கோ, சொல்லுறன் எண்டு. நீ என்ன செய்தனீ தெரியுமோ? சினிமாக்காரி மாதிரிக் கையைக் காட்டிப்போட்டுப் போட்டாய்!"

மரியக்கா வயித்தைப் பிடிச்சுக்கொண்டு சிரிக்கிறா. சிவா அண்ணை எஞ்சினை நிப்பாட்டிப்போட்டுச் சிரிக்கிறார். எனக்கு நிலம் பிளந்து உள்ளுக்குப் போனாக் காணும் போல கிடந்துது.

"அண்ணை, இந்த வயித்தில ஒரு நாலைஞ்சு கல்லு எடுத்தா ரக்ரர் போகும்" எண்டன்.

"எடுக்கலாம். திரும்பி அடுக்கிறது ஆர்?"

"நான் அடுக்கித் தாறன் ஐயா" எண்டார் சிவா அண்ணை.

"கிளிநொச்சிக்காரன் கல்வேலி அடுக்கிறதோ? விடிய என்ர மாடெல்லாம் மரியாவின்ர பந்தியில நிக்கும்." சொல்லிக்கொண்டே தான் இறங்கி வந்து கல்லை எடுக்கத் தொடங்கிட்டார். நானும் எடுத்தன். கடல்கல்லு பாக்கத்தான் பெரிசு, தூக்கினா அவ்வளவு பாரமில்லை, ஆனா உள்ளங்கையை வடிவாக் கிழிக்கும். அது இப்பவும் ஒரு கோடாக் கிடக்கு.

ரக்ரர் உரசாமப் போச்சுது. மரியக்காவின்ர முத்தத்தில நீல ராங்கி ஒண்டு, பக்கத்தில கழுவிக் கவிட்ட பெரிய சமையல் கிடாரங்கள். ஹோஸைப் போட்டுத் தண்ணி விழுற சத்தம் கேட்டவுடன குசினிக்குள்ள இருந்த பெண்டுகள் எல்லாம் வெளியில வந்திட்டினம். புதுநன்மைப் பெடியன் ஹோஸ் நுனியில கையை வச்சு ஒராளுக்குத் தண்ணி அடிச்சு, தாயிட்ட முதுகில ஒண்டு வாங்கினான்.

எனக்கு வேலை முடியேல்லை. பதிவில எந்த மாசத்தில இருந்து எந்த மாசம் வரைக்கும் மூடியது எண்டு கேக்குது. "எப்ப அக்கா கல்லு வைப்பியள்?" எண்டு கேட்டன்.

"ஐப்பசி" எண்டா மரியக்கா.

"ஐப்பசியோ? போன முறை கார்த்திகை பாதியிலயெல்லோ வச்சனாங்கள்" எண்டார் கந்தையா அண்ணை.

"அது மழை பிந்தினபடியால. அதுக்கு முந்தின வருசம்?"

"அது முந்திட்டுது."

"சரி, ஒரு மாசத்தைச் சொல்லுங்கோ" எண்டு கெஞ்சினன்.

"பிள்ளை, மழை கடிதம் போட்டிட்டே வாறது?" எண்டார் அவர்.

திரும்ப யாழ்ப்பாணத்துக்கு எடுத்தன். அகலம் சொன்னன், வளைவு சொன்னன், மாசம் இல்லை எண்டும் சொன்னன். கடக், கடக். "அப்ப மாசத்தை எழுதாத. பொய் மாசம் எழுதிறதிலும் பாக்க வெறுமையா விடு. கீழ ஒரு பெட்டி இருக்கும் பார், 'பருவத்துக்குப் பருவம் மாறும், உள்ளூரில் உறுதிப்படுத்தவும்' எண்டு."

இருக்கு. நான் வந்த நாளில இருந்தே இருக்கு. ஒருத்தரும் நிரப்பிறேல்லை, ஏனெண்டா நிரப்பினா வருசா வருசம் ஆரோ ஃபோன் அடிக்கவேணும், ஆரோ எடுக்கவேணும். "அதில ஆற்ற பேரை அக்கா போடுறது?"

"முதல் கல்லு ஆர் வைக்கிறது?"

கேட்டன். கந்தையா அண்ணை வைக்கிறது. ஆனா அவர் ஃபோன் பாவிக்க மாட்டார். "நான் அடிக்கிறன்" எண்டா மரியக்கா. "இவர் கல்லைத் தூக்கினவுடன அடிக்கிறன். எடுக்கேக்கையும் அடிக்கிறன். ஆனா நீ கையைக் காட்டிப்போட்டுப் போகாத, ஃபோனை எடு."

அடுத்த நாளும் போனன். கூப்பிட்டவா, போகாமல் விட்டா அது வேற மரியாதைக்கேடு. அறுபது எண்டது எண்பதாப் போச்சு. பனங்காய்ப் பணியாரம் மட்டும் நான் ஒம்பது சாப்பிட்டன். மச்சாளும் வந்தவா, மூண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டவா, போகேக்க "தண்ணி நல்லாயிருக்கு" எண்டு மட்டும் சொன்னவா. மரியக்காவுக்கு அது காணும்.

பேந்து? கொப்பி மேல போச்சுது, என்னைக் கூப்பிட்டவை, விளக்கம் எழுதினன். நிரந்தரமாகிறது ஒரு தவணை பிந்திச்சு. சிவா அண்ணைக்குக் கடிதம் வரேல்லை. நெடுந்தீவு முழுக்கத் திரும்ப நடந்தம், அதே மாதிரிக் கல்லு வைக்கிற ஒழுங்கை இன்னும் பத்துக்கு மேல பிடிபட்டுது. எல்லாத்திலயும் நான் "வழி இல்லை" எண்டு தட்டியிருந்தன். பாதி எழுதின அந்த சோக்கான றிப்போர்ட்டை அழிச்சுப்போட்டு வேற ஒண்டு எழுதினன், அதில முதல் வரியிலயே என்ர பேர்.

இதெல்லாத்திலயும் கஷ்டமானது நிரோஷனுக்கு ஃபோன் அடிச்சு "நீ சொன்னது சரி" எண்டதுதான். அவன் மறுமொழி சொல்லாமல் "டேய், நான் தீவாள்" எண்டு என்ர குரல் மாதிரியே ஒரு வொய்ஸ் நோட் போட்டு ஒபிஸ் குறூப் முழுக்க அனுப்பினான். இப்பவும் நான் எதையாவது நிச்சயமாச் சொன்னா ஆரோ ஒராள் அதைப் போட்டு விடும். போடட்டும். இப்ப புது இடத்துக்குப் போனா முதல் வேலையா அங்க ஒண்டும் தெரியாத ஆளாட்டம் ஆரையாவது பிடிச்சுக் கேக்கிறன். தூரத்தில ஆரும் கையைக் காட்டினா மோட்டச்சைக்கிளை நிப்பாட்டிக் கிட்டப் போறன். பத்தில எட்டுப் பேர் சும்மாதான் காட்டுறது. அந்த ரெண்டு பேருக்காகப் போறன்.

மரியக்கா அந்த வருசம் சொன்னபடியே அடிச்சவா, கல்லு வைக்கேக்கையும் எடுக்கேக்கையும். அதுக்குப் பிறகும் தவறேல்லை. அவவின்ர நம்பரை உங்கட ஒபிஸ் ஃபோனில போட்டு விட்டிருக்கிறன், பேருக்குப் பக்கத்தில ஒரு கல்லுப் படம் இருக்கும். இனி அந்தக் கோல் உங்களுக்குத்தான் வரும். முதல் மணியிலயே எடுங்கோ, ரெண்டாவது மணிக்கு ஏச்சு விழும்.

இப்ப புரட்டாசி முடியப்போகுது. மேற்கால கறுத்துக் கிடக்கு, ஒரு துளி விழேல்லை. ரைம் நாலு பத்து. மரியக்கா இன்னும் அடிக்கேல்லை. ஒழுங்கை திறந்திருக்கு.